பதினேழாவது வரி

— மூணு வருஷமா சைபர்னு எழுதி வச்சிருக்கியேம்மா. நீ ஒரு ஹெட் கிளார்க். கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

— எழுதினது நான்தான் தலைவரே. கீழே பச்சை மசியில கையெழுத்து இருக்கு பாருங்க. இந்த நகராட்சியில பச்சைப் பேனா ஒருத்தர்கிட்டதான் இருக்கு.

— நான் சொல்றது என்னன்னா, ஒரு தலைவர்னா நாளைக்கு இருநூறு கையெழுத்து. ஒவ்வொண்ணையும் படிச்சுப் பார்த்துப் போட ஆரம்பிச்சா ஊர் என்ன ஆகிறது?

— படிச்சே காட்டினேன். "ஊர் எல்லைக்குள் பிடிபட்ட கஞ்சாச் செடிகள்: சைபர்." 'நல்ல சேதிதானே, கொண்டா'ன்னீங்க. அதே மத்தியானம் இந்த மானிய விண்ணப்பத்துலயும் போட்டீங்க. அதுல என்ன இருக்குன்னு வாசிக்கட்டுமா?

— வேண்டாம்.

— "எமது நகரில் திரும்பிய திசையெல்லாம் கஞ்சா தழைத்தோங்கி நிற்க, தாய்மார்களின் கண்ணீர் தெருவெல்லாம் ஓடுகின்றது."

— வேண்டாம்னு சொன்னேனே.

— தண்ணி வரி கட்டவே ஆள் வராத தெருவுல கண்ணீர் ஓடுதுன்னு நான் எழுதல. அது உங்க சொந்த வரி. எடுத்துடலாம்னு சொன்னேன், உசிரே அதுலதான் இருக்குன்னீங்க.

— சரிம்மா. ரெண்டும் வேற வேற காகிதம். ஒண்ணு ஆண்டறிக்கை, ஒண்ணு மானிய விண்ணப்பம். அது ஒரு மேஜைக்குப் போகும், இது ஒரு மேஜைக்குப் போகும். சேர்த்து எவன் பார்த்தான்?

— ரெண்டையும் ஒரே உறையில போட்டு அனுப்பினோம். ஒரே ஆபீஸுக்கு எதுக்கு ரெண்டு தபால்னு நீங்கதான் சொன்னீங்க.

— அதுக்காக ரெண்டையும் படிப்பானா ஒருத்தன்?

— புதுசா சேர்ந்தவராம். இன்னும் பழகல போலிருக்கு.

— கடிதத்தைத் திரும்பச் சொல்லு. நிதானமா.

— "தங்கள் ஆண்டறிக்கைக்கும் விண்ணப்பத்துக்கும் முரண்பாடு காணப்படுவதால், ஆய்வாளர் நேரில் வருவார். ஊர் எல்லைக்குள் கஞ்சா வளர்ந்து நிற்கும் ஓர் இடத்தையேனும் அவர் கண்ணால் கண்டு படிவத்தில் பதிய வேண்டும். காணாத பட்சத்தில், பிரச்சினை இல்லை எனக் கொண்டு விண்ணப்பம் முடித்து வைக்கப்படும்." வர்றது இன்னிக்கு மூணு மணிக்கு.

— இப்ப மணி?

— ரெண்டு இருபது.

— இந்தக் கடிதம் எப்ப வந்தது?

— போன திங்கக்கிழமை. உங்க மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சேன். நீங்க அதுக்கு மேல உங்க பிறந்தநாள் வாழ்த்து அட்டையை வச்சீங்க.

— அந்தச் சைபரை மட்டும் மாத்த முடியாதா? முன்னால ஒரு ரெண்டு போட்டா இருபது ஆயிடும்.

— அந்தச் சைபருக்குத்தான் கேடயம் கொடுத்தாங்க. உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கு. ஊர் முகப்புல வளைவு வேற கட்டியிருக்கோம். "போதையற்ற நகரம் உங்களை வரவேற்கிறது." ஆய்வாளர் அதுக்கு அடியிலதான் நுழையணும்.

— அதுல பெரிய துணி ஏதாவது கட்டி மறைச்சிடு.

— இருக்கிற பெரிய துணியில எல்லாம் உங்க படம் இருக்கு.

— அதுக்கென்ன, கட்டு. நான் சொல்றது என்னன்னா, ஒரு ஊர்னா அதுல கொஞ்சமாவது தப்பு நடக்கணும். பக்கத்து ஊர் நகராட்சி பதினோரு இடம் காட்டியிருக்கானாம். பதினொண்ணு. கொடுத்து வச்சவன். போன மாசமே ஜீப் வந்து இறங்கிடுச்சு.

— தலைவரே, ஒரு விஷயம். இந்தப் பதினேழாவது வரி.

— ஆரம்பிச்சிட்டியா.

— முதல்ல அது ஒண்ணாவது வரியா இருந்தது. "போதை மீட்பு ஆலோசனை அறை ஒன்று. வாரம் மூன்று நாள் மருத்துவர்." நான் எழுதிக் கொண்டுவந்த விண்ணப்பத்துல அந்த ஒரே வரிதான். அதுக்கு மேல இப்ப ஜீப் வந்திருக்கு. ஜீப்புக்குச் சுழல் விளக்கு. பறக்கும் கேமரா ரெண்டு.

— ஒண்ணு மரத்துல மாட்டிக்கிச்சுன்னா?

— கறுப்புக் கண்ணாடி பன்னிரண்டு. தொடக்க விழா. விழாவுக்குப் பந்தல். விழாவைப் பறக்கும் கேமராவுல படம் பிடிக்க ஆள். நினைவுத் தூண். தூணுக்குக் கல்வெட்டு. கல்வெட்டுக்குத் திரை.

— திரை இல்லாம எதைத் திறக்கிறது?

— பணம் குறைச்சாங்கன்னா கடைசியிலேர்ந்துதான் வெட்டுவாங்க. கடைசியில இருக்கிறது அறை.

— அறையை யாரும்மா பார்க்கப் போறாங்க? நாலு சுவர், ஒரு நாற்காலி. ஜீப்னா தெருவுல போகும், நாலு பேர் பார்ப்பான். சரி, அதெல்லாம் மானியம் வந்தப்புறம். முதல்ல செடி வேணும். மேஸ்திரியைக் கூப்பிட்டியா?

— வாசல்ல நிக்கிறார்.

— வாய்யா உள்ள.

— கால்ல சேறுங்க ஐயா. இங்கேயே நிக்கிறேனுங்க.

— நீங்க உள்ள வாங்க மேஸ்திரி. தரையைக் கழுவிக்கலாம்.

— சரிங்க அக்கா. சொல்லுங்க ஐயா, எந்தச் சாக்கடை?

— சாக்கடை இல்ல. நான் சொல்றது என்னன்னா, நீ துப்புரவு மேஸ்திரி. இந்த ஊர்ல உன் கால் படாத சந்து இல்ல. கஞ்சாச் செடி எங்க இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

— தெரியாம என்னங்க ஐயா. நாம பார்க்காததா. பம்ப் ஹவுஸுக்குப் பின்னால இருந்தது. பழைய கசாப்புக் கூடத்துல இருந்தது. ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஆள் உசரத்துக்கு இருந்தது.

— அப்பாடா. பார்த்தியாம்மா? தொழில் தெரிஞ்ச ஆளு. கிளம்பு, போட்டோக்காரனையும் கூப்பிடு.

— எல்லாத்தையும் பிடுங்கிட்டேனுங்க.

— என்னது?

— வேரோடங்க. நாலு மாசம் முன்னாடிதான் பம்ப் ஹவுஸை முடிச்சேன். இருநூத்திப் பன்னிரண்டு செடி. ஒவ்வொண்ணா எண்ணிப் பிடுங்கினேன். மூணு வருஷமா பிடுங்குறேனுங்க ஐயா. நீங்க கூட ஒரு நாள் கார்ல போகும்போது கை காட்டினீங்க.

— நான் கை காட்டினது வேற யாருக்கோ. மூணு வருஷமா பிடுங்குறியா? அப்ப எதுக்கும்மா சைபர்?

— ஏன்னா, மேஸ்திரி கொடுக்கிற சீட்டுல கஞ்சான்னு இருக்காது தலைவரே.

— என்ன இருக்கும்?

— முள் புதருங்க ஐயா. "முள் புதர் அகற்றல், பம்ப் ஹவுஸ் பின்புறம், நாற்பது மீட்டர்." நம்மகிட்ட இருக்கிறது புதருக்கான சீட்டுதானே.

— ஏன்யா, கஞ்சான்னு எழுத உன் கைக்கு என்ன?

— எழுதினேனுங்க. முத வருஷம் எழுதினேன். எழுதினா ஸ்டேஷன்ல ரசீது வாங்கணுமாம். அங்க போனா சாட்சி ரெண்டு பேர் வேணும்னாங்க. சாட்சியைக் கூட்டிட்டுப் போனா எழுதற ஏட்டு இல்ல. ஏட்டு வந்தா எடைபோடுற தராசு இல்ல. நான் அந்தச் செடியைத் தோள்ல வச்சுக்கிட்டு மூணு நாள் அலைஞ்சேன். நாலாம் நாள், 'என்னய்யா, தினம் கஞ்சாவோட திரியற'ன்னு என்னையே பிடிச்சு உட்கார வச்சாங்க. அக்காதான் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க.

— அன்னிலேர்ந்து புதர்னு எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். கஞ்சாக் கட்டத்தைச் சும்மா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கல. சைபர் போட்டா ஏத்துக்கிச்சு. அடுத்த வருஷம் போன வருஷத்தைப் பார்த்து எழுதினோம். இந்த ஆபீஸ்ல எல்லாமே போன வருஷத்தைப் பார்த்து எழுதறதுதானே.

— கர்மம். சரி, பிடுங்கினதை எங்க போட்ட?

— உரக்குழியிலங்க.

— எடுத்துட்டு வந்து பழைய இடத்துலயே நட்டு வை. ஒரு நாள். ஒரே ஒரு மத்தியானம்.

— மக்கி மண்ணாயிடுச்சுங்க ஐயா. அந்த உரம்தான் உங்க வீட்டு ரோஜாவுக்குப் போச்சு. நல்லாப் பூக்குதுன்னு அம்மா சொன்னாங்களே.

— அவளுக்கு இதெல்லாம் சொல்லிட்டு இருக்காத. சந்துல பொந்துல ஒண்ணாவது தப்பிச்சு நிக்காதா? நல்லா யோசிச்சுப் பாருய்யா. ஒண்ணு.

— அப்படி ஒண்ணு நின்னா நான் என்ன மேஸ்திரிங்க?

— உன் கடமை உணர்ச்சியைக் கொண்டுபோய் அந்த உரக்குழியிலயே போடு. இரு, பக்கத்து ஊர்த் தலைவனுக்கு ஒரு போன் போடறேன்... தலைவரே, வணக்கம். ஆமா, நான்தான். ஆமா ஆமா, வளைவு அமோகமா இருக்கு. ஒரு சின்ன உதவி. உங்க பதினோரு இடத்துல ஒரு பத்து செடி, சாயங்காலம் வரைக்கும்... இல்ல, நட்டு வைக்கத்தான்... இல்லீங்க, திருப்பிக் கொடுத்துடுவோம்... அப்படியா... சரி... சரி, வச்சிடறேன்.

— என்ன சொன்னார்?

— அவனுக்கே பத்தலையாம். ரெண்டாம் கட்ட மானியத்துக்கு இருபது இடம் காட்டணுமாம். காவலுக்கு ஆள் போட்டிருக்கானாம், யாரும் பிடுங்கிடக் கூடாதுன்னு.

— நம்ம ஆளை அங்க அனுப்பியிருந்தா அவர் இன்னிக்கு நடுத்தெருவுலதான் நின்னிருப்பார்.

— நக்கலா? உன் மேஸ்திரி பண்ணின வேலைக்கு நானே கொதிச்சிட்டு இருக்கேன். சரி, இதைக் கேளுங்க. மரவள்ளி இருக்கில்ல? அதோட இலை அப்படியே அதே மாதிரிதான் இருக்கும். விரல் விரலா. பின் தெருவுல ஒரு தோட்டமே நிக்குது. தூரத்துல நிறுத்திக் காட்டிட்டு, சாப்பிடக் கூட்டிட்டுப் போயிடலாம்.

— ஆய்வாளர் ஒரு செடியையாவது பிடுங்கிப் பார்ப்பாருங்க ஐயா.

— பார்க்கட்டுமே.

— கிழங்கு வருமே.

— அவிச்சுக் கொடுத்துடலாம். வந்ததுக்கு அதுவாவது மிச்சம்.

— ஏம்மா, நானே நொந்து போய் உட்கார்ந்திருக்கேன், நீ வேற. மணி என்ன?

— ரெண்டே முக்கால்.

— விடும்மா. போகட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். மேஸ்திரி, நீ இந்த ஒரு வருஷம் பம்ப் ஹவுஸ் பக்கமே போகாத. தானா வளரட்டும். ஆடு மாடு மேயாம பார்த்துக்கோ. அடுத்த வருஷம் செழிப்பா காட்டிடலாம்.

— அடுத்த வருஷம் வரைக்கும் முடியாது தலைவரே.

— எது முடியாது?

— அறை.

— திரும்பவும் அறை. ஜீப் போச்சேன்னு நானே மனசைத் தேத்திக்கிட்டேன். உனக்கு ஒரு நாற்காலி போச்சுன்னு என்ன இவ்வளவு விசாரம்? இந்த ஊர்ல அந்த அறைக்கு எத்தனை பேர் வந்து உட்காரப் போறான்? பத்து பேர் வருவானா?

— ஒருத்தன் வந்தா போதும்.

— ஐயாவுக்குத் தெரியாதுங்களா அக்கா? நீங்க சொல்லவே இல்லையா?

— என்னய்யா தெரியாது?

— அக்காவோட தம்பிங்க. வெல்டிங் வேலை. இந்த ஆபீஸ் மாடிப்படிக் கைப்பிடி அவர் போட்டதுதான்.

— அந்தக் கைப்பிடியா? நல்ல வேலையாச்சே. இத்தனை வருஷத்துல ஆடவே இல்லையே.

— கைப்பிடி ஆடல தலைவரே. போட்டவன் கைதான் ஆடுது. ஆறு வருஷமா கஞ்சா. பட்டறை போச்சு. கட்டினவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இப்ப என்னோடதான் இருக்கான்.

— எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதானேம்மா. இதுக்குன்னு பெரிய மையமே இருக்கே.

— இருக்கு. பஸ்ல நாலு மணி நேரம். ரெண்டு மணி நேரத்துல பஸ்ஸை டீ குடிக்க நிறுத்துவாங்க. அங்க இறங்கினான்னா திரும்ப ஏறமாட்டான். மூணு தடவை லீவு போட்டுக் கூட்டிட்டுப் போனேன். மூணு தடவையும் தனியா திரும்பி வந்தேன். அவன் அஞ்சாறு நாள் கழிச்சு வருவான், செருப்பு இல்லாம.

— கையைப் பிடிச்சு உட்கார வைக்க வேண்டாமா?

— நாப்பத்திரண்டு வயசு. கழிவறைக்குப் போறேன்கா, வந்துடறேன்பான். அப்படிச் சொல்றவன் பின்னால அக்காக்காரி எவ்வளவு தூரம் போக முடியும்? அறை இங்க வந்தா, வீட்டிலேர்ந்து நடந்து ஏழு நிமிஷம். நாலு மணி நேரம் என்னால முடியல தலைவரே. ஏழு நிமிஷம்னா பார்த்துக்குவேன்.

— இத்தனை வருஷம் எதிர்ல உட்கார்ந்திருக்க. ஒரு வார்த்தை சொன்னியாம்மா?

— நீங்க கேட்டது எல்லாம் கோப்புதான். கொண்டு வந்து கொடுத்தேன்.

— நான் சொல்றது என்னன்னா... சரி, எதுவும் சொல்லல. என்ன பண்றதுங்கற? எனக்கு மட்டும் ஆசை இல்லையா? செடி இல்லாம நான் என்னத்தைக் காட்டுவேன்?

— ஐயா, போன் அடிக்குதுங்க.

— நீ எடும்மா. நான் வெளியூர்னு சொல்லு.

— ஹலோ. ஆமா சார், நகராட்சிதான்... ஆமா, அந்த வளைவேதான் சார்... இல்ல சார், சரியான ஊருக்குத்தான் வந்திருக்கீங்க. உள்ள வந்து நேரா, தண்ணித் தொட்டியைத் தாண்டி இடது பக்கம்... இருக்கார் சார்.

— இருக்கார்னு ஏன் சொன்ன? எங்க நிக்கிறான்?

— வளைவுக்கு அடியில நின்னு படம் எடுத்துட்டு இருக்கார். பத்து நிமிஷத்துல வந்துடுவார். துணி கட்ட மறந்துட்டோம்.

— முடிஞ்சுது. போ. மேஸ்திரி, ஒரு இளநீயாவது வெட்டி வை. மரியாதையா அனுப்பிடுவோம்.

— தலைவரே, எனக்கு ஒரு இடம் தெரியும்.

— என்ன இடம்?

— செடி இருக்கிற இடம். உயிரோட, பச்சையா. ஊர் எல்லைக்குள்ளதான்.

— அக்கா, என் கண்ணுக்குத் தப்பினதா? இருக்காதுங்க.

— நீங்க தெருவைத்தானே பார்க்கிறீங்க மேஸ்திரி.

— அட தாயே. இதை ரெண்டு இருபதுக்குச் சொல்லக் கூடாதா? மரவள்ளி வரைக்கும் போக விட்டியே என்னை. எங்க? எத்தனை செடி?

— முதல்ல அந்த விண்ணப்பத்தோட நம்ம பிரதியை எடுங்க. திருத்தினதை ஆய்வாளர் கையிலேயே கொடுத்துடலாம்.

— எதுக்கு?

— பதினேழாவது வரியை அடிச்சிட்டு, மேல ஒண்ணாவதா எழுதுங்க. மத்ததெல்லாம் அதுக்குக் கீழே. உங்க ஜீப், கண்ணாடி, கல்வெட்டு, திரை, எதையும் நான் எடுக்கச் சொல்லல.

— ஆய்வாளர் வாசலுக்கு வர்ற நேரத்துல என்கிட்ட பேரம் பேசறியா?

— ஆமா.

— எழுதிடுங்க ஐயா. பத்து நிமிஷத்துல ரெண்டு போச்சு.

— நீ வேற. கொடு பேனாவை... "ஆலோசனை அறை ஒன்று." போட்டாச்சு. போதுமா?

— அடிச்ச இடத்துல சின்னக் கையெழுத்து. திருத்தினா போடணும்.

— இந்தா. பச்சை மசி. சந்தோஷமா?

— இந்த இடத்துலயும்.

— இந்தா. இப்பவாவது சொல்லு.

— இன்னொண்ணு. அறை வேணாம்னு பின்னால யாராவது சொன்னா மேஸ்திரி சாட்சி. மேஸ்திரி, பார்த்தீங்கல்ல?

— பார்த்தேனுங்க அக்கா.

— கடிதத்தோட வந்த படிவத்தை எடுத்துக்கோங்க. நீங்களே எழுதுங்க தலைவரே, என் எழுத்து வேண்டாம். இடம்: கிணத்துத் தெரு. கதவு எண் பதினாலு. மொட்டை மாடி.

— கிணத்துத் தெரு... பதினாலு... மொட்டை மாடி. ம்.

— பதினாலுங்களா? அக்கா, அது உங்க வீடுங்க.

— ஏழு தொட்டி. இடுப்பு உசரம். விதியில ஓர் இடம்னுதான் இருக்கு, எத்தனை செடின்னு இல்ல. மாடிக் கதவுச் சாவி இந்தாங்க மேஸ்திரி. ஆய்வாளரை நீங்களே கூட்டிட்டுப் போங்க. முதல் படி உடைஞ்சிருக்கு, பார்த்து ஏறச் சொல்லுங்க.

— இரும்மா. இரு. நான் ஜீப்புக்கு ஆசைப்பட்டவன்தான், இல்லேங்கல. ஆனா கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்து எனக்கு எதுவும் வேண்டாம். அவனை உள்ளே தள்ளிட்டா அப்புறம் அந்த அறையில யாரும்மா உட்காருவா?

— அவனை யாரும் தள்ள மாட்டாங்க. புகைக்கிறவனுக்கு அந்தப் படிவத்துல கட்டமே இல்ல.

— "வளர்த்தவர் பெயர்"னு ஒண்ணு இருக்கே. இதுல அவன் பேரைத்தானே எழுதணும்?

— என் பேரை எழுதுங்க தலைவரே. வீட்டுலயே கிடைச்சா வெளியே தேடிப் போய்த் தெருவுல விழுந்து கிடக்க மாட்டானேன்னு, விதை வாங்கி வந்து நட்டதும் நான்தான், தினம் காலையில ஆபீஸுக்குக் கிளம்பறதுக்கு முன்னால தண்ணி ஊத்துறதும் நான்தான்.